கிருமிக்கும் ஒரு ஆடிட்டர்!

ஆடிட் என்றால் நம் ஆபீஸ்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் முன்பே அலமாரிகளைத் தூசி தட்டுவார்கள். பல மாதமாக விட்டுப்போன கையெழுத்துகளை ஒரே சாயந்திரத்தில், ஒரே பேனாவால் போட்டு முடிப்பார்கள். (அனுபவசாலிகள் நடுவில் இரண்டு தடவை பேனாவை மாற்றுவார்கள்!) வந்தவருக்கு ஃபேன் ஓடுகிற ரூம், ஃபில்டர் காபி, முந்திரி பக்கோடா. 'ஸ்டாக்கில் ரெண்டு ஸ்டேப்ளர் குறையுதே?' என்பார். 'ரிப்பேருக்குப் போயிருக்கு ஸார்' என்பார்கள். அவர் அதை எழுதிக்கொள்வார். சுபம்.

போகட்டும். ஸ்டேப்ளர் குறைந்து யாரும் செத்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் ஸ்டாக்கில் இருப்பது ஸ்டேப்ளர் இல்லை, பெரியம்மைக் கிருமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இதே பக்கோடா, இதே பேனாதானா?

உலகத்தில் பல பல்கலைக்கழகங்கள் பொல்லாத கிருமிகளை ஃப்ரீஸரில் பூட்டி வைத்திருக்கின்றன. தேவைதான். கிருமியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அதற்கு மருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்க வேண்டும். அதற்கான ஏற்பாடுகளுக்குத்தான் 'பயோசேஃப்டி' என்று பெயர். கண்ணாடிக் கூண்டு, காற்றை வடிகட்டும் மெஷின், கையுறை, இரட்டைக் கதவு எல்லாம் அதில் அடக்கம். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு கமிட்டி இருக்கும். இந்த வாரம் அந்தக் கமிட்டியைப் பற்றித்தான்.

'நீ பி.காம். ஆச்சே, உனக்கெதுக்குடா கிருமி?' என்கிறான் பாங்க்கில் வேலை பார்க்கும் நண்பன்.

நியாயமான கேள்வி. காலேஜில் மூன்று வருஷமும் நான் லாப் பக்கம் ஒதுங்கியதுகூட இல்லை. ஆனால் இது விஞ்ஞானம் இல்லை, தணிக்கை. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, கல்லாவில் உட்காருகிறவன் கணக்கைச் சரிபார்க்கக் கூடாது என்பதுதான். அவன் திருடன் என்பதற்காக இல்லை. அவன் செய்த தப்பு அவன் கண்ணில் படாது என்பதற்காக. என் நண்பனின் பாங்க்கிலேயே ஒருவர் போட்ட வவுச்சரை இன்னொருவர்தான் பாஸ் பண்ணுகிறார். 500 ரூபாய்க்கு இந்த ஜாக்கிரதை!

இனி பர்மிங்ஹாம் போகலாம்.

*

1978. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவக் கல்லூரி. அதில் ஜேனட் பார்க்கர் என்று ஒரு பெண்மணி. வயசு 40. உடற்கூறு இயல் துறையில் போட்டோகிராபர். பாடத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வேண்டிய படங்களை எடுத்து, டார்க் ரூமில் கழுவிக் கொடுப்பது அவர் வேலை. உங்களையும் என்னையும் மாதிரி காலையில் ஆபீஸுக்கு வந்து சாயந்திரம் வீட்டுக்குப் போகிற ஊழியர். கிருமிக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

ஆனால் அவர் வேலை செய்த அறைக்கு நேர் கீழ்த் தளத்தில் ஒரு லாப் இருந்தது. பேராசிரியர் ஹென்றி பெட்ஸன் என்பவருடையது. உலகம் மதித்த வைரஸ் நிபுணர். அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது பெரியம்மையை.

பெரியம்மை என்றால் இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. தாத்தா பாட்டியைக் கேளுங்கள். வைசூரி என்பார்கள். வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோய்விடும். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு. சிலருக்குக் கண் போய்விடும். இந்தியாவில் கடைசியாக அது வந்தது 1975-ல். உலகத்திலேயே இயற்கையாக அது கடைசியாக வந்தது 1977 அக்டோபரில், சோமாலியாவில் ஓர் ஆஸ்பத்திரி சமையல்காரருக்கு. அவரும் பிழைத்துவிட்டார். அப்புறம் எங்கும் இல்லை. 'ஒழிந்தது' என்று முறைப்படி அறிவிப்பதற்காக உலக சுகாதார நிறுவனம் காத்துக்கொண்டிருந்த நேரம் அது.

அதாவது, கிராமம் கிராமமாகத் தேடி விரட்டப்பட்ட கிருமி, சில லாப்களின் ஃப்ரீஸரில் மட்டும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

1978 ஆகஸ்ட் 11. ஜேனட் பார்க்கருக்குத் தலைவலி, உடம்பு வலி. பிறகு உடம்பெல்லாம் கொப்புளம். டாக்டர் பார்த்துவிட்டுச் சின்னம்மை என்றார். அந்த டாக்டரையும் குற்றம் சொல்ல முடியாது. இல்லாமலே போய்விட்ட வியாதியை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒருவர் நம்பவில்லை. ஜேனட்டின் அம்மா. 'இவளுக்குச் சின்ன வயசிலேயே சின்னம்மை வந்து நான்தானே பார்த்துக்கிட்டேன்? அது இப்படியா இருந்தது?' என்பது அவருடைய சந்தேகம். மெடிக்கல் காலேஜில் படித்தவர் இல்லை. பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், அவ்வளவுதான். அவர் சந்தேகப்பட்டதுதான் சரி. பெரியம்மை என்று உறுதியாவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகிவிட்டது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஸ்தாரமாகச் சொல்ல மனசு வரவில்லை. ஜேனட்டோடு பழகியவர்களையெல்லாம் தேடிப் பிடித்துத் தடுப்பூசி போட்டார்கள், தனிமையில் வைத்தார்கள். தனிமையில் வைக்கப்பட்ட அவருடைய அப்பா, செப்டம்பர் 5-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். பேராசிரியர் பெட்ஸன் தற்கொலை செய்துகொண்டார். செப்டம்பர் 7-ம் தேதி உயிர் பிரிந்தது. ஜேனட் பார்க்கர் செப்டம்பர் 11-ம் தேதி இறந்தார். அம்மாவுக்கும் பெரியம்மை வந்தது, லேசாக. அவர் பிழைத்தார்.

உலகத்தில் பெரியம்மையால் இறந்ததாகத் தெரிந்த கடைசி மனுஷி, ஒரு பல்கலைக்கழக போட்டோகிராபர்.

*

'அந்த லாபை யாருமே வந்து பார்க்கலையா?' என்று கேட்பீர்கள்.

பார்த்தார்கள், ஸார்! அதுதான் விஷயமே.

பிரிட்டனில் ஆபத்தான கிருமிகளைப் பற்றி ஆலோசனை சொல்ல ஓர் அரசுக் குழு இருந்தது. அது இரண்டு தடவை வந்து பார்த்தது. இரண்டு தடவையும் 'ஆராய்ச்சி தொடரலாம்' என்று சொல்லிவிட்டுப் போனது. உலக சுகாதார நிறுவனத்திலிருந்தும் வந்தார்கள். எங்கள் தரத்துக்கு இந்த வசதிகள் போதாது என்றார்கள். வேலை முறையில் சில மாற்றங்களைச் சொன்னார்கள். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

பிறகு ஷூட்டர் என்ற பேராசிரியர் தலைமையில் விசாரணை நடந்தது. அந்த அறிக்கை சொன்னதில் முக்கியமான சில: இந்த வேலைக்குத் தேவையான வசதிகள் அங்கே இல்லை. அங்கே வேலை செய்தவர்களில் சிலருக்குத் தனிப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. '1973-லிருந்து எங்கள் வேலை குறைந்துகொண்டே வருகிறது' என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சொல்லப்பட்டது. நிஜத்தில் வேலை கூடியிருந்தது.

ஏன் கூடியது? அந்த லாப் 1978 கடைசியில் மூடப்படுவதாக இருந்தது. அதற்குள் ஆராய்ச்சியை முடித்துவிட வேண்டுமே என்ற அவசரம்.

மார்ச் மாதத்தில் ஆபீஸ் போனவர்களுக்கு இந்த அவசரம் புரியும். 31-ம் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்றால் விதிமுறையாவது மண்ணாவது! 'அப்புறம் எழுதிக்கலாம், முதல்ல அனுப்பு' என்போம். நம் ஃபைலில் அது பெரிய பாவம் இல்லை. பெரியம்மை விஷயத்தில் இந்த 'அப்புறம்' இல்லை.

இன்னொரு சமாசாரம். 1966-லேயே இதே மருத்துவக் கல்லூரியில் ஒருவருக்குப் பெரியம்மை வந்திருக்கிறது. வீரியம் குறைந்த ரகம். அவர் பிழைத்தார், வெளியே சிலருக்கும் பரவியது. அவர் அங்கே என்ன வேலை பார்த்தார் தெரியுமா?

போட்டோகிராபர்!

12 வருஷ இடைவெளியில், ஒரே இடத்தில், ஒரே உத்தியோகம் பார்த்த இரண்டு பேர். ஆனாலும் 1966-ல், 'இது எங்கிருந்து வந்தது?' என்று முறையான விசாரணை நடந்ததாகப் பதிவு எதுவும் இல்லை. அன்றைக்கு ஓர் ஆள் ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்திருந்தால்...

லாபிலிருந்து மேல் தளத்துக்கு வந்த காற்றுக் குழாய்ப் பாதை வழியாகக் கிருமி போயிருக்கலாம் என்றது ஷூட்டர் அறிக்கை. பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். அந்தக் குழாய் வழியைக் கோர்ட்டில் நிரூபிக்க முடியவில்லை. 1979-ல் பல்கலைக்கழகம் விடுதலையானது. எந்த வழியாகப் போனது என்பதுதான் முடிவாகவில்லை. ஜேனட்டுக்கு வந்தது அந்த லாபில் இருந்த ரகம் என்பதில் சந்தேகம் இல்லை.

இதற்குப் பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. ஆங்காங்கே இருந்த பெரியம்மைக் கிருமிகளை அழித்தார்கள் அல்லது ஒப்படைத்தார்கள். கடைசியில் அமெரிக்காவில் ஓர் இடம், ரஷ்யாவில் ஓர் இடம் என்று இரண்டே இடத்தில் மட்டும் வைப்பதாக முடிவு.

அப்பாடா என்று உட்கார்ந்தால், 2014 ஜூலையில் அமெரிக்காவின் பெதஸ்டாவில், ஓர் அரசு ஆராய்ச்சி வளாகத்துக் குளிர் அறையை ஒழிக்கும்போது ஓர் அட்டைப் பெட்டி கிடைத்தது. உள்ளே, பெரியம்மை என்று லேபிள் ஒட்டிய ஆறு குப்பிகள். 1950-களைச் சேர்ந்தவை. எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. சோதித்ததில் சிலவற்றில் கிருமி உயிரோடு இருந்தது!

நம் ஆபீஸ் பரணில் பழைய டைப்ரைட்டர் கிடைப்பதில்லையா, அந்த மாதிரி.

*

'அது அந்தக் காலம். கம்ப்யூட்டர் வந்தப்புறம் எல்லாம் டைட்டாயிருக்கும்' என்றான் நண்பன்.

சரி, டெக்ஸாஸ் போவோம். டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். 2006 பிப்ரவரி. அங்கே ஒரு லாபில், கிருமியைக் காற்றில் தூவிச் சோதனை செய்யும் பெட்டி ஒன்றைச் சுத்தம் செய்த ஆராய்ச்சி ஊழியருக்கு புருசெல்லா என்ற கிருமி தொற்றியது. ஆடு மாடுகளிடமிருந்து மனிதர்களுக்கு வரும் கிருமி அது. விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். சரியாகக் கவனிக்காவிட்டால் மாதக்கணக்கில் ஆளை உருக்கிவிடும். சிகிச்சைக்குப் பின் அந்த ஊழியர் தேறிவிட்டார்.

அமெரிக்கச் சட்டப்படி இந்த மாதிரி நடந்தால் உடனே மத்திய அரசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் விஷயம் உள்ளேயே இருந்தது.

எப்படி வெளியே வந்தது? துப்பறியும் சிங்கம் யாரும் வரவில்லை. 'சன்ஷைன் புராஜெக்ட்' என்று ஒரு சின்ன தன்னார்வ அமைப்பு. அவர்களுக்கு ஒரு விநோதமான பழக்கம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கடிதம் எழுதி, 'உங்கள் பயோசேஃப்டி கமிட்டிக் கூட்டத்தின் மினிட்ஸைக் கொடுங்கள்' என்று கேட்பார்கள்.

மினிட்ஸ்!

ஆபீஸில் மினிட்ஸ் எழுதியவர்களுக்கு அதன் மகிமை தெரியும். கூட்டம் நடந்த பிறகு மினிட்ஸ் எழுதுவது ஒரு ரகம். மினிட்ஸ் எழுதிவிட்டுக் கூட்டம் நடத்துவது இன்னொரு ரகம். மினிட்ஸ் மட்டும் எழுதி, கூட்டத்தை விட்டுவிடுவது மூன்றாவது, மிக முன்னேறிய ரகம். அங்கேயும் அதே கதைதான். மினிட்ஸைக் கேட்டவுடன் சில இடங்களில் ஆளுக்கு ஆள் முழித்தார்கள். கூட்டம் நடந்ததற்கான சுவடே இல்லாத கமிட்டிகளும் இருந்தன.

டெக்ஸாஸிலும் இப்படித்தான் கேட்டார்கள், தகவல் பெறும் சட்டத்தைக் காட்டி. கேட்கக் கேட்க, 2007-ல் புருசெல்லா விஷயம் வெளியே வந்தது. அந்த வருஷம் ஜூன் கடைசியில், இந்த வகை ஆபத்தான கிருமிகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சி அத்தனையையும் நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. அப்புறம் நடந்த சோதனையில் மற்றதெல்லாம் கிளம்பியது: அனுமதி இல்லாதவர்கள் உள்ளே போய்வந்தது, கணக்கில் வராத குப்பிகள்... 2008-ல் பல்கலைக்கழகம் கட்டிய அபராதம் 10 லட்சம் டாலர்.

கவனியுங்கள். நடந்த தொற்றைவிட, அதைச் சொல்லாமல் விட்டதுதான் விலை உயர்ந்தது. பெரிய பெரிய மூளைகள் நிறைந்த இடத்தில் இதை வெளியே கொண்டுவந்தது, ஒரு கடிதமும் ஒரு மினிட்ஸ் புத்தகமும்.

*

'அதுக்காக, விஞ்ஞானிகளை நம்மை மாதிரி ஆளுங்க கேள்வி கேட்க முடியுமா? என்ன புரியும் நமக்கு?'

இதே கேள்வியை 1976-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் கேட்டார்கள். (இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் வேறு. இது மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில். ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் இருக்கிற ஊர். தடுக்கி விழுந்தால் ஒரு நோபல் பரிசுக்காரர் மேல்தான் விழ வேண்டும்.)

ஓர் உயிரின் மரபணுவைக் கத்தரித்து இன்னொரு உயிரில் ஒட்டும் வித்தை அப்போதுதான் வந்திருந்தது. ஒட்டுவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ஈ.கோலை என்ற பாக்டீரியாவை. அது நம் எல்லோருடைய குடலிலும் குடியிருக்கும் ஜீவன். புது மரபணுவோடு அது வெளியே வந்து நம் வயிற்றுக்குள் போனால்? ஹார்வர்டு, தன் உயிரியல் கட்டடத்தில் இதற்கென்று ஒரு விசேஷ லாப் கட்டத் திட்டம் போட்டது. அங்கேயே இருந்த நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் வால்டும், அவருடைய மனைவி ரூத் ஹப்பர்டும் இதை எதிர்த்தார்கள்.

எதிர்த்தவர்களுக்கு ஒரு ருசிகரமான ஆதாரம் கிடைத்தது. அந்தக் கட்டடத்தில் எறும்புத் தொல்லை! என்ன மருந்து அடித்தும் போகாத குட்டி எறும்புகள். எறும்பையே கட்டுப்படுத்த முடியாத கட்டடத்தில் பாக்டீரியாவை எப்படிக் கட்டுப்படுத்துவார்கள்? இந்தக் கேள்வி கேட்க டாக்டர் பட்டம் தேவையில்லை. வீட்டில் சர்க்கரை டப்பா இருந்தால் போதும்.

நகர மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சி. சுவாரஸ்யமான மனிதர். ஹார்வர்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஹார்வர்டின் புகழ்பெற்ற புல்வெளி வளாகத்தில் தார் போட்டு கார் நிறுத்துமிடம் ஆக்க வேண்டும் என்று சொன்ன ஆசாமி! 1976 ஜூனில் நகரசபையில் பொது விசாரணை வைத்து, விஞ்ஞானிகளை வரவழைத்து உட்காரவைத்தார். உங்கள் சங்கேத எழுத்துகள் எங்களுக்குப் புரியாது, சாதாரண பாஷையில் பேசுங்கள் என்றார். (இந்தச் சட்டம் நம் ஊர் எலக்ட்ரிசிட்டி பில்லுக்கும் வந்தால் தேவலை!)

ஜூலையில் மூன்று மாதத் தடை போட்டார்கள், பிறகு நீட்டித்தார்கள். அதற்குள் ஆராய்ந்து சொல்ல ஒரு குழு. அதில் யார் யார் தெரியுமா? தலைவர், எண்ணெய் வியாபாரம் செய்தவர். ஒரு கன்னியாஸ்திரி. ஒரு நர்ஸ். ஒரு டாக்டர். ஒரு கட்டட இன்ஜினீயர். இப்படி ஊர் ஜனங்கள். மரபணு ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவர்கூட இல்லை.

விஞ்ஞானிகளுக்குக் கோபம். எண்ணெய் விற்பவர் டி.என்.ஏ.வுக்கு நீதிபதியா?

குழு அலட்டிக்கொள்ளவில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டது. லாபுக்கே போய்ப் பார்த்தது. இரண்டு கட்சி விஞ்ஞானிகளையும் கோர்ட் மாதிரி எதிரெதிரே நிறுத்தி வாதாடவைத்தது. 1977 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. எல்லோரும் எதிர்பார்த்தபடி 'கூடாது' என்று அது சொல்லவில்லை. 'செய்யுங்கள். ஆனால் அரசு சொன்ன விதிகளோடு இன்னும் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி, உடல்நலக் கண்காணிப்பு வேண்டும். மேற்பார்வை பார்க்க நகரத்துக்கென்று ஒரு கமிட்டி வேண்டும்' என்றது. பிப்ரவரியில் அது நகரச் சட்டமாயிற்று. மரபணு ஆராய்ச்சிக்கு அமெரிக்காவில் வந்த முதல் உள்ளூர்ச் சட்டம் இதுதான்.

(மேயர் மட்டும் சமாதானமாகவில்லை. அதே வருஷம் மே மாதம் தேசிய விஞ்ஞானக் கழகத்துக்கு ஒரு கடிதம் போட்டார். பக்கத்து ஊரில் ஆரஞ்சு நிறக் கண்ணோடு ஒரு விசித்திரப் பிராணியைப் பார்த்ததாகச் செய்தி வந்திருக்கிறதே, அது உங்கள் ஆராய்ச்சியின் கைங்கரியமா என்று விசாரிக்கச் சொன்னார்!)

சரி, இவ்வளவு கெடுபிடி செய்த ஊரை விட்டு ஆராய்ச்சிக்காரர்கள் ஓடிப்போனார்களா? நடந்தது நேர் எதிர். 1980-களில் பயோஜென் என்ற கம்பெனி அங்கே கடை விரித்தது. அடுத்தடுத்து மற்றவர்கள் வந்தார்கள். இன்று உலகத்திலேயே பயோடெக்னாலஜி கம்பெனிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடங்களில் ஒன்று அந்த ஊர். கொரோனா தடுப்பூசி செய்த மாடர்னா, அந்த ஊர்க் கம்பெனிதான். விதி என்ன என்று தெளிவாக எழுதிவைத்த ஊரில் பணம் போட முதலாளிக்குப் பயம் இல்லை. இது பி.காம். பாடம்!

*

இன்றைக்கு அமெரிக்காவில், மத்திய அரசின் பணத்தில் மரபணு ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழகத்தில் பயோசேஃப்டி கமிட்டி கட்டாயம். குறைந்தது ஐந்து பேர். அதில் இரண்டு பேராவது அந்த நிறுவனத்தோடு சம்பந்தம் இல்லாத வெளியாட்களாக இருக்க வேண்டும். 2025 ஜூன் 1-லிருந்து இன்னொரு படி: கமிட்டியின் மினிட்ஸை யாரும் கேட்காமலே எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-ல் விதிகள் வந்தன. மரபணு ஆராய்ச்சி செய்யும் ஒவ்வொரு நிறுவனமும், நம் பல்கலைக்கழகங்கள் உட்பட, பயோசேஃப்டி கமிட்டி வைக்க வேண்டும். அதில் ஒரு டாக்டரும், மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை நியமிக்கும் ஒருவரும் இருக்க வேண்டும். காகிதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் பர்மிங்ஹாமிலும் காகிதத்தில் குறை இல்லை. வந்து பார்த்தார்கள், எழுதினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். வந்தவர்களுக்குப் பேராசிரியர்மேல் மதிப்பு இருந்தது. 'இவ்வளவு பெரிய நிபுணர், அவருக்குத் தெரியாததா?' என்ற மதிப்பு. ஆடிட்டருக்கு வரக்கூடாத வியாதி அதுதான். பெட்ஸன் கெட்டவர் இல்லை. தன் வேலையை நேசித்த, அவசரப்பட்ட மனிதர். அவசரப்படுகிற நல்லவரைக் கொஞ்சம் நிறுத்தி, 'ஸார், மேல் மாடியில் யார் இருக்காங்க?' என்று கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால், அந்தக் கேள்வி ஜேனட் பார்க்கரைக் காப்பாற்றியிருக்கலாம், பேராசிரியரையும் காப்பாற்றியிருக்கலாம்.

விஞ்ஞானம் தெரிந்தவர் 'கூண்டுக்குள் காற்றின் அழுத்தம் எவ்வளவு?' என்று கேட்பார். அதுவும் தேவைதான். மாடியில் யார், எறும்பு ஏன், மினிட்ஸ் எங்கே என்று கேட்க மட்டும் வெளியாள்தான் வேண்டியிருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு இதெல்லாம் தினம் பார்த்துப் பழகிப்போன விஷயங்கள்.

இதைப் படிப்பவர்களில் சிலர் பல்கலைக்கழக ஆபீஸிலோ, ஆராய்ச்சி நிறுவனத்திலோ, மெடிக்கல் காலேஜிலோ வேலை பார்ப்பீர்கள். டைப் அடிப்பவர், ஸ்டோர்ஸ் பார்ப்பவர், அக்கவுண்ட்ஸ் எழுதுபவர். லாபுக்கும் உங்களுக்கும் ஒரு மாடிதான் தூரம். உங்கள் கட்டடத்தில் என்ன வேலை நடக்கிறது, ஏதாவது கொட்டினால் யாருக்குப் போன் பண்ண வேண்டும், பயோசேஃப்டி கமிட்டி கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக நடக்கும் லாப் என்றால் பொறுப்பாளர் உட்காரவைத்துச் சந்தோஷமாகச் சொல்வார். 'உனக்கெதுக்கு அதெல்லாம்?' என்ற பதில் வந்தால், கட்டாயம் கேட்டிருக்க வேண்டிய கேள்விதான் அது என்று அர்த்தம்.

வாயால் கேட்கத் தயக்கமா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அது பொருந்தும். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கட்டணம். 'தங்கள் நிறுவனத்தின் பயோசேஃப்டி கமிட்டி கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்தெந்தத் தேதிகளில் கூடியது? மினிட்ஸின் நகல் தேவை.'

இரண்டே வரி. எழுதிப் போடுங்கள். பி.காம். படித்திருந்தாலும் எழுதலாம்.